நோட்டில் தென்கலை

வைணவத்தில் வடகலை தென்கலை என்றதும் பலருக்கு நாமத்தின் வடிவமும், கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்ற வழக்கும்தான் நினைவுக்கு வரும். கொஞ்சம் படித்தவர்கள் குரங்குக் குட்டி, பூனைக் குட்டி என்று ஆரம்பிப்பார்கள். இரண்டுக்கும் இடையே பதினெட்டு பேதங்கள் என்று ஒரு பட்டியலே உண்டு. நர்சரி ஆசிரியைகளாகப் போகிற பெண்களுக்குக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிப் பாடம் நடத்தியவள் நான். வேலை பார்த்த காலமெல்லாம் அந்தப் பதினெட்டில் ஒன்று என்னை விடவில்லை.

பெருமாளுக்கு அடியான் மேல் வாத்சல்யம், தாய்க்குப் பிள்ளை மேல் உள்ளது போன்ற பாசம், உண்டு என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை. அது அடியானின் குற்றத்தை என்ன செய்கிறது என்பதில்தான் சண்டை. குற்றத்தைக் காணாமல் விடுகிறது என்பார்கள் வேதாந்த தேசிகர் வழி வந்த வடகலையார். பிள்ளை லோகாசாரியர் வழி வந்த தென்கலையாரோ அந்தக் குற்றத்தையே ருசித்து அனுபவிக்கிறது என்பார்கள். அன்று ஈன்ற கன்றின் உடம்பிலிருக்கும் வழும்பைப் பசு தன் நாக்காலேயே நக்கி எடுக்கிறதல்லவா, அப்படி. எங்கள் அப்பா தென்கலை, அம்மா பிறந்த வீடு வடகலை. குழம்பில் உப்பு கூடிப் போன அன்று அப்பா முகத்தைச் சுளித்தால், "தோஷத்தை ருசிக்கிற கோஷ்டிதானே, ருசிச்சுச் சாப்பிடுங்கோ" என்பாள் அம்மா.

முதல் ஆண்டில் பெண்களுக்கு நாங்கள் கொடுக்கிற முதல் பிராக்டிகல், கல்லூரி வளாகத்திலேயே இருக்கும் நர்சரியில் ஒரு குழந்தையைப் பார்த்து எழுதுவது. ரெக்கார்ட் நோட்டில் பக்கத்தின் நடுவே கோடு. இடப்பக்கம் குழந்தை செய்தது, சொன்னது. வலப்பக்கம் நமக்குத் தோன்றியது. பதினெட்டு வயதுப் பெண்கள் இடப்பக்கத்திலேயே "பிடிவாதம்", "முரட்டுத்தனம்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். சிவப்பு மையால் சுழித்து, "என்ன செய்தாள்?" என்று பக்கத்தில் எழுதுவேன். "சமர்த்து" என்ற சொல்லையும் சுழிப்பேன். பாராட்டினால்கூடவா அடிப்பார்கள் என்று அவர்களுக்கு ஆச்சரியம்.

குற்றத்தை ருசிப்பது என்றால் என்னவென்று எனக்குப் புரிய வைத்தவர் ஆசாரியர் யாருமில்லை, ழான் பியாஜே. இந்த சுவிட்சர்லாந்துக்காரர் 1920-ஐ ஒட்டிய வருஷங்களில் பாரிஸில் பினே ஆய்வகத்தில் வேலை பார்த்தார். சிரில் பர்ட் தயாரித்த அறிவுச் சோதனைக் கேள்விகளைப் பிரெஞ்சுப் பிள்ளைகளிடம் கேட்டுத் தரப்படுத்த வேண்டும். சரியான விடைகளை எண்ணினால் வேலை முடிந்துவிடும். அவர் தப்பான விடைகளில் போய் விழுந்தார். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தப்பைச் செய்கிறார்களே, ஏன்? ஆயுளுக்கும் அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது அவருக்கு.

பியாஜேயின் சோதனை ஒன்றை மாணவிகளும் செய்து பார்க்க வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் சம அளவு ரோஸ் கலர் தண்ணீர். குழந்தை பார்க்க, ஒன்றில் இருப்பதை ஒல்லியான உயரக் கிளாஸில் ஊற்ற வேண்டும். எதில் ஜாஸ்தி? நாலு வயசுக் குழந்தை யோசிக்காமல் கிளாஸைக் காட்டும். ஏன் என்று கேட்டால், "இதுதானே ஒசரம்" என்று நம் அறிவீனத்துக்கு இரங்கும். அத்தோடு எழுதிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். ஒரு மாணவிக்கு அது முடியவில்லை. தண்ணீரைத் திரும்ப டம்ளரில் ஊற்றிக் காட்டி, விளக்கி, குழந்தையை "சமம்" என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் வந்தாள். "தப்பாச் சொல்லுது மேடம், எப்படி விட்டுட்டு வர்றது?" அவள் முகத்தில் இருந்தது அன்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அன்புக்குக் குழந்தையின் தப்பு ஒரு அழுக்கு. துடைத்தால்தான் தூக்கம் வரும். மறுநாள் அதே குழந்தை மறுபடியும் உயரக் கிளாஸைக் காட்டியபோது அவளுக்குக் கோபமே வந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். "குழந்தையும் தெய்வமும் ஒன்று" என்ற மேடைப் பேச்சு எனக்கு ஆகாது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. அங்கே வேலை பார்க்கிற பெண்களுக்கு இன்றுவரை கிடைப்பது மதிப்பூதியம். தெய்வத்தோடு பழகுகிறவர்களுக்குச் சம்பளம் எதற்கு என்று எண்ணிவிட்டார்கள் போலிருக்கிறது. கடவுளின் குணம் என்று ஆசாரியர்கள் சொன்னதை, மாத முடிவில் வாடகை கட்ட வேண்டிய ஒரு பெண்ணிடம் எதிர்பார்க்க யாருக்கும் உரிமையில்லை. அன்பை சிலபஸில் வைக்க முடியாது. ஆனால் ருசியை வைக்கலாம் என்பது என் கட்சி. ஒரு தப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ருசி, நோட்டில் எழுதி எழுதி வரக்கூடியதுதான்.

குற்றத்தை ருசிப்பது என்பதை அம்மா ஒப்புக்கொள்ளவே மாட்டாள். "எல்லாம் தெரிஞ்சவனுக்கு நம்ம தப்பு தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சும் கண்டுக்காம இருக்கானே, அதுதான் தயை. ருசிக்கிறான்னு சொன்னா, தினம் சமைச்சுப் போட மாட்டோமா?" பெரிய வித்வான்கள் சமஸ்கிருதத்தில் எழுப்பிய ஆட்சேபம் இது. அவள் சொன்னது சரிதான் என்று காட்டப் பையன் ஒருவன் வந்தான்.

மூன்று வயது முடிந்தவன், கடிப்பான். அவனைக் கவனிக்கப் போட்ட மாணவி கெட்டிக்காரி. அவள் நோட்டின் இடப்பக்கத்தில் ஒரு பெயரடை இருக்காது. "பக்கத்துப் பெண்ணின் முழங்கையைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடினான். என்னைப் பார்த்தான். கடித்தான்." கொஞ்ச நாளில் அந்த "என்னைப் பார்த்தான்" எல்லா வரியிலும் வர ஆரம்பித்தது. அவளுடைய ஆர்வம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த செமஸ்டரில் வரும் பாடம் இதற்கு மருந்து சொல்கிறது: கவனம் கிடைக்கிற செயல் வளரும், ஆகவே திட்டமிட்டுக் கண்டுகொள்ளாமல் இரு. அதாவது வடகலை. ஒரே பல்கலைக்கழகம் ஒரே பட்டத்துக்கு இரண்டு சம்பிரதாயத்தையும் சொல்லிக் கொடுக்கிறது! அந்தப் பெண்ணிடம், "நோட்டில் தென்கலையாக இரு, முகத்தில் வடகலையாக இரு" என்றேன். வேற்று மதத்துப் பெண். பாதிதான் புரிந்தது, ஆனாலும் செய்தாள். அவன் கடிப்பது குறைந்தது. நிற்கவில்லை.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, அதுவும் சென்னை வந்து சேர்ந்தது. பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939-இல் அடையாறு வந்த மரியா மாண்டிசோரி, உலகப் போரால் 1946 வரை இந்தியாவிலேயே இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். குழி குடைந்த கட்டையில் உருளைகளைப் பொருத்தும் அவருடைய சாதனத்தில், ஒன்றை இடம் மாற்றிப் போட்டால் கடைசியில் ஓர் உருளை குழியில்லாமல் கையில் நிற்கும். டீச்சர் குற்றத்தைப் பார்க்கவும் வேண்டாம், ருசிக்கவும் வேண்டாம். கட்டையே சொல்லிவிடும். கத்தோலிக்கரான அவருக்கு அந்த மரக்கட்டை மேல் இருந்த நம்பிக்கை எனக்குப் பிடிக்கும். ஆனால் இங்கே பையன் பல் பதித்தது மரக்கட்டையில் இல்லை.

கடிபட்ட பெண்ணின் அம்மா ஒருநாள் வந்து நின்றார். குழந்தையின் கையைத் தூக்கிக் காட்டினார். "அந்தப் பையனைப் பத்தி நோட்டுப் போட்டு எழுதறீங்க மிஸ். எம் பொண்ணைப் பத்தி யாரு எழுதறா?"

பசுவையும் கன்றையும் சொல்லும் வியாக்கியானங்களில் இன்னொரு செய்தியும் வரும். இன்று ஈன்ற கன்றின் மேலுள்ள பிரியத்தில், முன்பு ஈன்ற கன்று கிட்டே வந்தால் பசு கொம்பால் தள்ளிவிடும். வாத்சல்யத்தின் பெருமைக்கு அதை உதாரணமாகச் சொல்கிறார்கள். நர்சரியில் வேலை பார்த்தவளுக்கு அதில் பெருமை தெரியாது, தள்ளுபட்ட கன்றுதான் தெரியும். இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொண்டால், ஒரு கன்றை நக்கும் நேரத்தில் பத்தொன்பது கொம்படி. பெருமாளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவர் எங்கும் இருப்பவர். எங்களுக்குத் தெற்கு ஜன்னலோரம் நின்றால் வடக்கு மூலை தெரியாது.

அந்த மாணவியைப் பையனிடமிருந்து எடுத்து, கடிபட்ட பெண்ணுக்குப் போட்டேன். முதல் நாள் நோட்டின் இடப்பக்கத்தில் இருந்தது: "நாற்காலியைத் தூக்கினாள். மூன்று இடம் காலியாக இருந்தது. அவனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டாள். கையை மேஜை மேல் வைத்தாள்." வலப்பக்கத்தில் காரணமாக மூன்று ஊகங்கள் எழுதியிருந்தாள். மூன்றையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.