பெயரும் பண்பும்

ஒரு பொருளின் பண்பு அதன் பிறப்பிலேயே அமைந்துவிடுகின்றதா, அன்றி அது நடத்தப்படும் முறையினால் உருவாகின்றதா என்னும் வினா ஒழுக்கவியலுக்குப் புதியதன்று. மனிதரைக் குறித்து இதனை எழுப்புமிடத்து விருப்பு வெறுப்புகள் குறுக்கிடுகின்றன. சற்று விலகிநின்று நோக்குதற்கு வைன் போன்றதொரு பொருள் உதவக்கூடும்.

சிலி நாட்டின் தலைநகராகிய சாந்தியாகோவுக்கு அண்மையில், அந்தீஸ் மலையடிவாரத்தில், புவெந்தே அல்தோ என்னும் இடம் உள்ளது. அங்கு விளையும் முந்திரிகையிலிருந்து அல்மாவிவா என்னும் உயர்தரச் சிவப்பு வைன் ஆக்கப்படுகின்றது. பிரான்சின் றொத்சைல்ட் நிறுவனமும் சிலியின் கொஞ்சா இ தோரோ நிறுவனமும் இணைந்த முயற்சி இது; 1996ஆம் ஆண்டின் அறுவடையே முதல் வைனாயிற்று. இது ஓரினப் பழத்தின் சாறன்று, கலவையாகும். கபர்னே சோவிஞோன் பெரும்பங்கு வகித்து உறுதியை அளிக்க, கார்மனேர் மென்மையையும் மிளகையொத்த காரமணத்தையும் சேர்க்கின்றது.

கார்மனேரின் வரலாறு சிந்தனைக்குரியது. பிரான்சின் போர்தோப் பகுதிக்குரிய இக்கொடி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பின்னர் வேர்ப்பூச்சியின் தாக்கத்தால் தாயகத்தில் அது ஏறக்குறைய மறைந்தொழிந்தது. சிலியிலோ மெர்லோ என்னும் பிறிதோர் இனத்தின் பெயரால் அது வாழ்ந்துவந்தது. 1994இல் பிரெஞ்சு அறிஞர் ஜோன்-மிஷேல் பூர்சிகோ அதனை இனங்கண்ட பின்னரே உண்மை வெளிப்பட்டது.

பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றுதானே என்று வாதிடுவோர் உளர். அவ்வாதம் இங்கு பொருந்தாது. கார்மனேர், மெர்லோவிலும் சில வாரங்கள் பிந்திக் கனிவது. மெர்லோ எனக் கருதி அதற்குரிய நாளிற் பறித்தபோது அது முற்றாகக் கனியவில்லை. வைனிற் பச்சிலை நெடி வீசிற்று. அந்நெடி கொடியின் பிறவிக்குறையாகவே தோன்றியிருக்கும். உண்மையில் அது, அறியாமை கொடிமீது சுமத்திய குறையாகும். பிழையான பெயர் பிழையான நடத்துகைக்கு வழிவகுத்தது. அந்நடத்துகை பிழையான பண்பைத் தோற்றுவித்தது. அப்பண்பு மீண்டும் பிழையான தீர்ப்புக்குச் சான்றாயிற்று. மனித சமூகங்களிலும் இவ்வட்டம் சுழல்வதைக் காணலாம்.

கலப்பிலே தனிப்பண்பு அழிந்துவிடாதா என்பது அடுத்த ஐயம். இத்தகைய வைன்களை ஆக்குவோர் ஒவ்வோர் இனத்தையும் அதனதன் பருவத்திற் பறித்து, வெவ்வேறாகப் புளிக்கவைத்து, சுவைத்தறிந்த பின்னரே கலக்கின்றனர். விளைச்சலுக்கேற்ப ஆண்டுதோறும் பங்குகள் வேறுபடும். எல்லாவற்றுக்கும் ஒரே நாளும் ஒரே அளவும் விதித்தல் சமத்துவம்போலத் தோன்றினும் நீதியாகாது. தனித்து அறியப்பட்டவையே தம்மை இழக்காது கூடவல்லன.

அல்மாவிவா என்னும் பெயர், 1784இல் பாரிசில் அரங்கேறிய போமார்ஷேயின் ‘பிகாரோவின் திருமணம்’ நாடகத்துப் பிரபுவினுடையது. பிறப்பினால் உயர்ந்த அப்பிரபுவை அறிவினால் உயர்ந்த பணியாளன் வெல்வதே அந்நாடகம். பிரபுவின் பெயர் தாங்கிய இவ்வைனின் பண்பிலோ, நெடுங்காலம் தன் பெயரையே இழந்திருந்த கொடிக்கும் பங்குண்டு. ஒன்றன் பண்பைத் தீர்மானிக்க முன்னர், அது தன் பருவத்திற் கனிய இடமளிக்கப்பட்டதா என்று வினவுதல் தீர்ப்போரின் முதற்கடமையாகும்.