ஓட்டமும் உள்ளமும்

நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி செய்கிறவன் எதை நம்பிப் பயில வேண்டும்? உற்சாகத்தையா? பரிசையா? பிறருடைய பாராட்டையா? வாசகர்களே, இது ஓட்டக்காரனுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. நீண்ட நாள் பாடுபட்டுப் பலன் காண வேண்டிய எந்த மனிதனுக்கும் உரிய கேள்வியாகும்.

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பெற்ற இத்தூரமே பின்னர் நிலையான அளவாயிற்று. ஓடி முடிக்கச் சில மணி நேரம் போதும். அதற்குப் பயிலவோ பல மாதங்கள் வேண்டும். பந்தய நாளன்று வழியோரம் நின்று கை தட்டுவோர் உண்டு. பயிற்சிக் காலத்தில், வெயில் ஏறுமுன் எழுந்து இருளில் தனியே ஓடுகிறவனை உற்சாகப்படுத்த எவருமில்லை.

உற்சாகம் நல்லதுதான். ஆயினும் அது விருந்தாளி போன்றது. நினைத்தபோது வரும், சொல்லாமல் போய்விடும். முதல் வாரத்தில் பொங்கிய ஆர்வம் நான்காம் வாரத்து மழையில் கரைந்துவிடுகிறது. ஆகையால் அனுபவசாலிகள் தம் மனநிலையைக் கேட்டு ஓடுவதில்லை. குறித்த நேரத்தில் ஓடுகிறார்கள். முழுத் தூரத்தையும் எண்ணி மலைக்காமல், ‘அடுத்த விளக்குக் கம்பம் வரை’ என்று மனத்தைப் பழக்குகிறார்கள். ஓய்வு நாளையும் அவ்வாறே தவறாமல் பேணுகிறார்கள். களைத்த தசை வலுப்பெறுவது ஓய்வில்தான்.

இனி, பரிசை நம்பலாமா? ஆயிரம் பேர் ஓடினால் முதலாவது வருகிறவன் ஒருவனே. பரிசு ஒன்றே பயன் என்றால் மற்ற 999 பேருடைய பிரயாசையும் வீண் என்றாகும். அப்படிச் சொல்ல நம் மனம் ஒப்புமா?

1968ஆம் ஆண்டு மெக்ஸிகோ நகரில் நடந்த ஒலிம்பிக் மாரத்தானைச் சிந்தித்துப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில், காற்று மெலிந்த நகரம் அது. 75 பேர் புறப்பட்டனர். 57 பேரே ஓடி முடித்தனர். 1960இல் ரோமாபுரியில் வெறுங்காலுடன் ஓடியும், 1964இல் டோக்கியோவிலும் வென்ற எத்தியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா, காலில் ஏற்பட்ட காயத்தால் பாதித் தூரத்துக்கு முன்பே விலகிக்கொண்டார். அவர் நாட்டவரான மாமோ வோல்டே வென்றார். தன்ஸானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரியோ, வழியில் விழுந்து முழங்கால் பிசகியும், கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டியபடி ஓடி, வென்றவருக்கு ஒரு மணி நேரத்துக்கும் பின்னர் கடைசி ஆளாக எல்லையைக் கடந்தார். அரங்கில் கூட்டம் பெரும்பாலும் கலைந்துவிட்டிருந்தது.

இருவரில் யார் செய்தது சரி? நின்றவரைக் கோழை என்பதும், தொடர்ந்தவரை முரடர் என்பதும் அவசரத் தீர்ப்புகளாகும். 1969இல் மோட்டார் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் பிக்கிலா வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார். அக்வாரி 1970இல் எடின்பரோ காமன்வெல்த் போட்டியின் மாரத்தானில் ஐந்தாவதாக வந்தார். இருவரிடத்தும் மனோதிடத்துக்குக் குறைவில்லை.

நிற்பது தன்னளவில் இழிவுமல்ல. தொடர்வது தன்னளவில் உயர்வுமல்ல. வெற்றி கை நழுவியது என்பதற்காகவே நிற்பது பலவீனம். ஊரார் சிரிப்பார்களே என்பதற்காகவே காயத்தோடு ஓடுவது வீம்பு. இரண்டுக்கும் வேர் ஒன்றே: பிறர் கண்ணால் தன்னை அளப்பது. ‘எவரும் காணாவிட்டாலும் இதையே செய்வேனா?’ என்று தன்னையே கேட்டுக்கொள்பவனுக்கு வழி தெளிவாகும். இக்கேள்விக்கு உண்மையான விடை சொல்லக் கற்றுக்கொடுப்பதே பயிற்சி. சோம்பலின் வலி சிறிது தூரம் ஓடியதும் மறையும். காயத்தின் வலி அடிக்கு அடி மிகும். பல காலைகள் தனியே ஓடிப் பழகியவனே இவ்வேற்றுமையை அறிவான்.

வியாபாரிகளாகிய நமக்கு இது புதிய பாடமன்று. வாடிக்கைக்காரர் வராத மந்தமான நாளிலும் நேரத்தோடு கடை திறப்பது உறுதி. பேரேடு ஆண்டுதோறும் நஷ்டத்தையே காட்டும் கிளையை, கௌரவத்துக்காக மூடாமல் வைத்திருப்பது உறுதியாகுமா? ஆகாது. கணக்கைத் தனக்குத்தானே ஒளிக்காதவனே நல்ல வியாபாரி. நல்ல ஓட்டக்காரனும் அவனே.

ஆகவே, ஓடப் பயிலும் நம் இளைஞர்கள் கைதட்டலை எதிர்பார்த்துப் புறப்பட வேண்டாம். குறித்த நேரத்தில் எழுந்து, தம் மனத்துக்கு உண்மையாக ஓடட்டும். பரிசு வந்தால் மகிழ்வோம். வராவிட்டாலும் உறுதியான உடலும் தன்னை ஏமாற்றாத உள்ளமும் மிஞ்சும். அது சிறிய லாபமா?