ஒரு பிள்ளைக்கு ஒரு பள்ளி

நான்கு பிள்ளைகள் மட்டுமே படிக்கும் ஒரு பள்ளியை அரசு நடத்தத்தான் வேண்டுமா? இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பணத்தை வைத்தே கேட்கிறார்கள். தலைமையாசிரியர் சம்பளம், இடைநிலை ஆசிரியர் சம்பளம், சத்துணவுப் பணியாளர் ஊதியம், கட்டடப் பராமரிப்பு எல்லாவற்றையும் கூட்டி நான்கால் வகுத்துக் காட்டுவார்கள். கணக்கில் பிழை இருக்காது. வகுக்கத் தொடங்கும் முன்பே பிழை நடந்துவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். பிள்ளைக்குச் சேர வேண்டிய ஒன்றை, ஒரு மொத்தத்திலிருந்து பிரித்துக் கொடுக்கும் பங்காக நாம் முதலிலேயே எண்ணிவிடுகிறோம்.

சிவகங்கை மாவட்டத்தின் ஒரு வட்டாரத்தில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து, நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையாகி, வட்டாரக் கல்வி அலுவலராக ஓய்வு பெற்றவள் நான். வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல், இல்லையென்றால் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். இளவட்டங்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். கொஞ்சம் கையில் காசு உள்ள வீட்டுப் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளி வேன் காலையிலேயே வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். பிறப்பும் குறைந்துவிட்டது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைகள்தாம். வேனில் ஏற வழியில்லாதவர்கள், அப்பா அம்மாவோடு திருப்பூருக்குப் போகாமல் கிழவியிடம் விடப்பட்டவர்கள், இவர்கள்தாம் அந்த நான்கு பேர். எண்ணிக்கை குறையக் குறைய, எஞ்சி நிற்பது ஊரிலேயே ஆக இல்லாதப்பட்டவர்களின் பிள்ளைகள். சின்னப் பள்ளியைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் பள்ளிகளின் பெயர்ப் பலகையில் இன்றும் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்றே இருக்கும். காமராஜர் காலத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்பில் வந்தன. 1981இல் அந்த ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். இப்போது கட்டடம் ஒன்றியத்திடம், ஆசிரியர்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்திடம், பயிற்சி வட்டார வள மையத்திடம், சத்துணவு சமூக நலத் துறையிடம். ஓடு ஒழுகினால் ஓரிடம், ஆசிரியர் இடம் காலியானால் ஓரிடம், முட்டை வராவிட்டால் ஓரிடம் என்று தலைமையாசிரியர் அலைய வேண்டும். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் அந்தப் பள்ளியைப் பற்றித் தெரிந்த ஒரே செய்தி மாணவர் எண்ணிக்கை. பிள்ளையை முழுசாகப் பார்க்கும் மேசை என்று ஒன்று எங்கும் இல்லை.

எண்ணிக்கையை நான் பழிக்கவில்லை. அது இல்லாமல் ஒரு வட்டாரத்தை நடத்தவே முடியாது. ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படிதான் ஆசிரியர் பணியிட நிர்ணயம். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். பள்ளி மானியம் 30 பிள்ளைகள் வரை ரூ.10,000, அதற்கு மேல் 100 வரை ரூ.25,000. சத்துணவு அரிசி ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம். எங்கேயாவது உபரி ஆசிரியர் இருந்தால் பணி நிரவல். இவையெல்லாம் நியாயமாகப் பகிர்வதற்காக வந்த விதிகள். ஜூலை மாதம் முழுக்க ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய், வேனில் போகும் ஒரு பிள்ளையையாவது திருப்பிக் கூட்டிவர முடியுமா என்று கேட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெயர் கூடினால் ஒரு பணியிடம் நிற்கும் என்ற கவலை அதில் இருந்தது. அதே நேரத்தில் அந்தப் பெயருக்குரிய பிள்ளை என்ன படிக்கிறது என்பதைக் கேட்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

ஒரு பள்ளியின் தரத்தை எடைபோடும்போதும் இதே சிக்கல்தான். மூன்றாம் வகுப்பில் மூன்றே பேர் இருக்கும் பள்ளியில் ஒருவர் சரளமாக வாசித்தால் 33 சதவீதம். அடுத்த ஆண்டு இருவர் வாசித்தால் 67. அதற்கடுத்த ஆண்டு ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்துவிட்டால் மீண்டும் 33. வட்டாரக் கூட்டத்தில் இந்த எண்கள் திரையில் வரும். ஏறினால் கைதட்டல், இறங்கினால் விளக்கக் கடிதம். ஆசிரியர் இந்த மூன்று ஆண்டுகளிலும் அதே அக்கறையோடுதான் கற்பித்திருப்பார். சதவீதம் பெருந்திரளுக்கு ஏற்ற கருவி. மூன்று பேரைப் பற்றி அறிய வேண்டுமானால் மூன்று பேர் பக்கத்திலும் உட்காரத்தான் வேண்டும், வேறு வழி கிடையாது.

அப்படி உட்கார்ந்த ஒரு பள்ளி நினைவில் நிற்கிறது. செயல்வழிக் கற்றல் காலத்தில் சுவரில் பூசிய கீழ்மட்டக் கரும்பலகை இன்னும் அங்கே இருந்தது. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் கட்டத்தில் 52இலிருந்து 27ஐக் கழித்துக்கொண்டிருந்தாள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். ஐந்தை அடித்து மேலே நாலு என்று எழுதினாள், இரண்டைப் பன்னிரண்டாக்கினாள், 25 என்று முடித்தாள். முடித்த கையோடு, பக்கத்தில் ‘ஆ’ எழுதிப் பழகிக்கொண்டிருந்த ஒன்றாம் வகுப்புப் பையனிடம், “ஏன் அடிச்சேன்னு கேளு” என்றாள். அவன் கேட்கவில்லை. இருந்தும் அவனுக்குப் பொறுமையாக விளக்கினாள். அந்தப் பள்ளியின் தரம் என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். படிவத்தில் இதை எழுதுவதற்கு இடம் இல்லை.

அன்று மதியம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியுள்ள பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைக்கும் யோசனை இருப்பதை நான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணின் பாட்டி எழுந்து நின்றார். “அம்மா, இவ ஒருத்திதான் எங்கிட்ட இருக்கா. ஒருத்திக்குத்தானேன்னு ஒலை வைக்காம விட்டுருவேனா?” என்றார். கூட்டத்தில் மறுபேச்சு எழவில்லை. நான் பதிவேட்டில் அதை அப்படியே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், நல்லவர், விதுர நீதியை எடுத்துச் சொன்னார். குலத்தைக் காக்க ஒருவனை விட்டுவிடலாம், ஊரைக் காக்கக் குலத்தை விடலாம் என்ற பொருளில் விதுரன் சொன்னது பலருக்கும் தெரிந்ததுதான். நிர்வாகத்துக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி உண்டா என்று கேட்டார். நான் வீட்டுக்குப் போய் பாரதத்தில் அந்த இடத்தை மறுபடி படித்தேன். விதுரன் அங்கே கைவிடச் சொல்லும் ஒருவன் துரியோதனன். குலத்தையே அழிக்கப் போகிற அரச குமாரனை விடு என்று தகப்பனுக்குச் சொன்ன அறிவுரை அது. ஒரு தப்பும் செய்யாத, ஒரு பலமும் இல்லாத பிள்ளைக்கு அதைப் பொருத்த முடியாது. பலர் நன்மைக்காக ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நியாயம், அந்த ஒருவரிடம் விட்டுக்கொடுக்க ஏதாவது இருந்தால்தான் நியாயமாகும்.

நம் மண்ணில் இதற்கு எதிர்க்கரையில் நிற்கிற கதை மனுநீதிச் சோழனுடையது. கலெக்டர் மனு வாங்கும் நாளுக்கே அவன் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். தேர்க்காலில் கன்று சிக்கிச் செத்தபோது, சாத்திரப்படி பரிகாரம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். அரசன் ஏற்கவில்லை. திருவாரூரில் மொத்தம் எத்தனை கன்றுகள் என்று அவன் கேட்கவும் இல்லை. அந்தத் தாய்ப்பசுவுக்கு இருந்தது அந்த ஒன்றுதான் என்பது அவனுக்குப் போதுமாக இருந்தது. அவன் கொடுத்த தண்டனையை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள், நானும் ஏற்கவில்லை. ஆனால் நீதி கேட்டு வருகிறவருக்கு எண்ணிக்கை தகுதி ஆகாது என்ற அந்த நிலைப்பாடு, ஆட்சி செய்கிற எவரும் விட்டுவிடக் கூடாதது.

என்னோடு பணியாற்றிய கிறிஸ்தவத் தோழி ஒருவர், தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனைச் சொல்வார். எனக்கு மிகவும் பிடித்த உவமை. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, அந்தத் தொண்ணூற்றொன்பதும் அதுவரை யார் காவலில் இருந்தன என்ற கேள்வியைத் தள்ள முடியவில்லை. நான்கு பேருக்கு இரண்டு ஆசிரியர்கள் இருந்தால், பக்கத்து ஊரில் 58 பேருக்கும் அதே இரண்டு பேர்தான். அங்கே ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டும். அந்த 58 பேரில் பின்தங்கிய பிள்ளையும் ஒரு பிள்ளைதானே? அவனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

நெடுநாள் யோசித்து நான் வந்து சேர்ந்த பதில் இதுதான். இரண்டு இழப்புகளும் ஒரே ரகம் இல்லை. பெரிய பள்ளிப் பிள்ளைக்குக் கவனிப்பு குறைகிறது. அந்தக் குறையைச் சரிசெய்ய வழிகள் இருக்கின்றன, மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்பலாம், காலிப் பணியிடத்தை நிரப்பும்படி வற்புறுத்தலாம். சின்னப் பள்ளி மூடினால் அங்குள்ள பிள்ளைக்குப் பள்ளியே போய்விடலாம். ஐப்பசி, கார்த்திகையில் கலுங்கு பாயும்போது கண்மாய்க் கரை வழியே ஆறு வயதுப் பிள்ளை எப்படி நடக்கும்? கிழவி எத்தனை நாள் கூட நடப்பார்? குறைபடுவதையும் அற்றுப்போவதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அற்றுப்போகும் ஆபத்தில் நிற்பவருக்கே முதல் உரிமை.

இதனால் எந்தப் பள்ளியையும் எப்போதும் மூடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பிள்ளைகள் வேண்டும். சண்டை போட, கூட்டாளி சேர்க்க, தன்னைவிட நன்றாக வாசிக்கிறவளைப் பார்த்துப் பொறாமைப்பட ஆள் வேண்டும். வேறொரு குக்கிராமத்தில் பெற்றோர்களே வந்து, பெரிய பள்ளிக்கு ஆட்டோ ஏற்பாடு செய்தால் அனுப்புகிறோம் என்று கேட்டார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்துக்கும் வழித்துணைக்கும் இடம் இருந்தது. அங்கே இணைத்ததுதான் சரி. காரணம், பிள்ளைகளின் நன்மையைக் கேட்டு அந்த முடிவு வந்தது. பாட்டி பேசிய ஊரில் ரோடும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அந்தப் பள்ளியை நிறுத்தி வைக்க வேண்டும் என்று நான் எழுதினேன், அது நின்றது. இரண்டு முடிவுகளும் எதிரெதிராகத் தெரிந்தாலும், இரண்டிலும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

நம் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2002இல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த 21ஏ பிரிவும், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை கொடுக்கின்றன. இருபது பேர் சேர்ந்தால் உரிமை என்று எங்கும் எழுதவில்லை. 2019இல் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 பள்ளிகளைத் தமிழக அரசு நூலகங்களாக மாற்றியபோது யாருடைய உரிமையும் பறிபோகவில்லை. ஆனால் ஒரே ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டால் அந்தக் கட்டடத்தின் நிலை அடியோடு மாறிவிடுகிறது. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஒரு கடமை பிறந்துவிடுகிறது. ஒன்று ஆயிரமாகும்போது செலவு கூடும், வேலை கூடும். கடமை புதிதாக வருவதில்லை, அது முதல் பிள்ளையோடேயே வந்துவிட்டது.

ஆகவே, இனி இந்த நாற்காலிக்கு வருகிற இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளி இணைப்புக் கோப்பின் முதல் பக்கத்தில் எண்ணிக்கை அட்டவணையை வைக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயர், யார் வீட்டில் வளர்கிறது, இப்போது என்ன வாசிக்கிறது, புதுப் பள்ளிக்கு எந்த வழியாகப் போகும், மழைக்காலத்தில் யார் கூட வருவார் என்று முதலில் எழுதுங்கள். அந்த வழியில் நீங்களே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். நான்கு பேருக்கு எழுத ஒரு பக்கம் போதும். அதற்குப் பிறகு செலவுக் கணக்கைச் சேருங்கள். மூட வேண்டும் என்ற முடிவு அப்போதும் வரலாம். அப்படி வந்தால் அந்த நான்கு வீட்டு வாசலிலும் நின்று அதைச் சொல்ல உங்களால் முடியும்.