வேறு என்னுஞ் சொல்

சைவ சித்தாந்த நூல்களிற் பயின்று வழங்குஞ் சொற்களுள் வேறு என்பதும் ஒன்று. எளிய சொல்லேயாயினும், இதன் பொருளைப் பிறழவுணரின் சமயத்தின் அடிப்படையே நெகிழுமாதலின், ஈண்டு அதனைச் சிறிது ஆராய்வாம்.

உலக வழக்கில் இச்சொல் இருபொருள்பட நிற்கும். 'பொன் வேறு, இரும்பு வேறு' என்புழித் தன்மையால் ஒன்று மற்றொன்றன்மையை உணர்த்தும். 'தமையனுந் தம்பியும் வேறாயினர்' என்புழிக் கூடியிருந்தார் பிரிந்தமையை உணர்த்தும். முன்னையது வேற்றுமை, பின்னையது பிரிவு. இவை தம்முள் ஒன்றல்ல. ஒரு பொன்னை இருதுண்டமாக்கியவழிப் பிரிவுண்டு, தன்மையான் வேற்றுமையில்லை. நீரிற் கரைந்த உப்பினிடத்து வேற்றுமையுண்டு, பிரிவில்லை.

இலக்கண நூலாரும் இதனை உணர்ந்தே வழங்கினர். பெயர்ப்பொருளை வேறுபடுத்தும் உருபு அப்பெயரை விட்டு நீங்குவதன்று. நீங்கலென்பது நன்னூலார் ஐந்தாம் வேற்றுமைக்குக் கூறிய நான்கு பொருள்களுள் ஒன்றுமாத்திரையே. வேற்றுமையாவதே நீங்கலாயின், அதனை வேறெடுத்தோதல் வேண்டாவென்க.

இனி, மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தில் விளக்கிய அத்துவிதத்தை நோக்குக. இறைவன் கலப்பினால் உயிரோடு ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும், உயிர்க்குயிராய் நின்று செலுத்தலால் உடனாயும் நிற்பன். உடலும் உயிரும், கண்ணும் ஞாயிறும், கண்ணொளியும் உயிரறிவும் இவற்றிற்கு முறையே உவமையாம். அற்றேல், கண்ணும் ஞாயிறும் இடத்தாற் சேயனவன்றோவெனின், அன்று. அவ்வுவமை தன்மை பற்றி வந்ததன்றிச் சேய்மை பற்றி வந்ததன்று. ஞாயிற்றொளி உடன் கலந்தாலன்றிக் கண் காணமாட்டாதாகலின், வேறென்ற அவ்விடத்தும் பிரிவின்மையே பெறப்படும்.

இவ்வுண்மையை ஏட்டளவிற் கற்று ஒழுக்கத்தில் மறந்தமையே நம்மவர்க்கு நேர்ந்த பெருங்குறை. திருநாளைப்போவாரை அறுபத்துமூவருள் வைத்து வணங்கிய நாம், அவர் குலத்தாரை வேறெனக் கூறி நெடுங்காலந் திருவாயிலின் புறத்தே நிறுத்தினோம். 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுள் அவ்வாறு விலக்கப்பட்டோருட் சிலர் புகுந்து வழிபட்டனர். 1947-இற் சென்னை மாகாணத்தார் சட்டமும் இயற்றினர். சட்டஞ் செய்ததனைச் சித்தாந்தம் முன்னரே செய்திருத்தல் வேண்டும். என்னை? நம் நூல்கள் உயிர்களை விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலரென மூவகைப்படுத்தும். மக்கள் யாவரும் மும்மலமுடைய சகலரே. அவருள் ஒருவரை மலமிலாரென்றும் ஒருவரை மலமுடையாரென்றும் வகுத்தற்கு இடமில்லை. சிவன் பிரிந்து நிற்கும் உயிரும் இல்லை. ஆகவே, விலக்கினோர் கூறிய வேறு என்பது வேற்றுமையுமன்று, பிரிவுமன்று, ஆணவத்தின் செயலேயாம்.

உயிரினின்று நீக்கற்பாலது அம்மலத்தின் வலியே. அதுதானும் வலிகெட்டு அடங்குவதன்றிப் பொருளாய் அழிவதில்லை. மலத்தையே அவ்வாறு கூறும் நூலைக் கற்றோர், மலத்தாற் கட்டுண்ட உயிரை ஒதுக்கத் துணிதல் எவ்வாற்றானும் பொருந்தாது. வேறென்று நாவெழும்போதெல்லாம், தன்மை கூறுகின்றோமோ தள்ளி வைக்கின்றோமோ என ஒவ்வொருவரும் தம்முள் ஆராய்வாராக.

சிவம்.