பதிவேடும் மனிதனும்

ஒரு மனிதனும் அவனைப் பற்றி எழுதப்பட்ட பதிவும் முரண்படும்போது நாம் எதனை நம்புவது? நிர்வாகம் பற்றியதுபோலத் தோன்றும் இவ்வினா அடிப்படையில் அறம் பற்றியதாகும். நமது நாட்டின் மலையக மக்கள் வாழ்விலே இதற்கு நீண்ட வரலாறு உண்டு.

தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தொழிலாளி, வேலையைத் தொடங்கும் முன்னரே கங்காணிக்குக் கடன்பட்டவனாயிருந்தான். வழிச்செலவும் முற்பணமும் அவன் பெயரில் எழுதப்பட்டன. வேறொரு தோட்டத்துக்குச் செல்வதற்கு, கடன்தொகை குறிக்கப்பட்ட 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும்; அது மீண்டும் தொழிலாளியின் கடனாகவே அவன் தலையில் ஏறும். சீட்டை எழுதியவர் ஒருவர், சுமந்தவர் வேறொருவர். அதில் எழுதியிருந்த தொகை சரியா பிழையா என்று வாசித்தறியும் வாய்ப்பு, சுமந்தவர்களுட் பெரும்பாலோருக்கு இருக்கவில்லை. 1921 ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், கடதாசியை எழுதும் அதிகாரம் ஒரு பக்கமும் அதன் விளைவைத் தாங்கும் கடமை மறுபக்கமுமாக இருந்த நிலை அதனோடு ஒழியவில்லை.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையேனும் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இந்நாட்டிற் பிறந்தமையை நிரூபிக்கும்படி அம்மக்களைக் கேட்டது. 1949 ஆம் ஆண்டுச் சட்டமோ, 1946 சனவரிக்கு முன்னர் விவாகமானவர்கள் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து வசித்தமைக்குச் சான்று கேட்டது. லயக் காம்பிராக்களில் வாழ்ந்தவர்களிடம் தலைமுறைக் கணக்கான பத்திரங்கள் எவ்வாறு இருக்கும்? தலைமுறை தலைமுறையாக அவர்கள் கொழுந்து பறித்த மலைகள் கண்முன்னே நின்றன. ஆயினும் அவை சான்றாகக் கொள்ளப்படவில்லை. பல்லாயிரவருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பிரசாவுரிமை கிட்டியது.

சட்டம் மாறிய பின்னரும் ஏடுகளின் பிழைகள் எஞ்சியுள்ளன. ஒரே பெண் தோட்டப் பேரேட்டில் 'ராமாயி', பிறப்புப் பதிவில் 'ராமாய்', அடையாள அட்டையில் 'இராமாயி' ஆகிறாள். பிறமொழி எழுத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் தமிழில் பெயர்த்தமையால் வந்த வேறுபாடு இது. ஆனால் ஓய்வுபெறும்போது தனது ஊழியர் சேமலாப நிதியைப் பெறுவதற்கு, மூன்று பெயர்களும் தானே என்று அவளே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பிறந்த ஆண்டும் நாளும் அடையாள அட்டை இலக்கத்திலேயே பொதிந்துள்ளன. பெண்களாயின் நாட்கணக்கோடு 500 கூட்டப்படுகிறது. ஆதலால் பிறப்புப் பதிவில் நேர்ந்த ஒரு பிழை அவ்விலக்கத்தினுள்ளும் புகுந்து, ஆயுள் முழுவதும் தொடர்கிறது. பரீட்சைக்கு முன்னர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் மாணவரின் படிவங்களைப் பார்க்கும் ஆசிரியராகிய நாம் இதனை ஆண்டுதோறும் காண்கிறோம்.

பிழையைத் திருத்தச் சத்தியக் கடதாசி வேண்டும்; பட்டணத்துக்குப் பலமுறை போகவேண்டும்; போன ஒவ்வொரு நாளும் நாட்சம்பளம் போய்விடும். இந்த இடைவெளியிலேதான் தரகன் நுழைகிறான். 'நான் முடித்துத் தருகிறேன்' என்று பணத்தையும் அட்டையின் பிரதியையும் வாங்கிச் செல்கிறான். வேலை முடிவதில்லை. அந்தப் பிரதி எவர் கைக்குப் போயிற்று என்பதும் தெரிவதில்லை. கொடுத்த பணமோ வட்டிக்கு வாங்கியது. ஏட்டுப் பிழையும் வஞ்சகமும் கடனும் தனித்தனியே வந்த மூன்று துரதிர்ஷ்டங்களல்ல. ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை.

இது ஓர் இனத்தாரின் துன்பம் மட்டுமன்று. 2018 ஆம் ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற, ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. 2021 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஹிங்குராக்கொடையிலே சிங்களக் கிராமப் பெண்கள் நுண்கடன் கொடுமைக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். மொழி வேறாயினும், பிறர் எழுதிய கணக்கைத் தாம் சுமப்பவர்களின் நிலை ஒன்றே.

பதிவேடுகளே வேண்டாமென்று நாம் கூறவில்லை. சம்பளச் சீட்டில்லாத தொழிலாளியும் உறுதியில்லாத விவசாயியும் முதலில் ஏமாற்றப்படுவர் என்பதை நாம் அறிவோம். எவர் எதைச் சொன்னாலும் நம்பும் அரசு வஞ்சகருக்கே பயன்படும் என்ற வாதமும் புறக்கணிக்கத் தக்கதன்று. ஆகவே, பதிவு வேண்டுமா என்பதன்று கேள்வி; அதன் பிழைக்கு யார் பொறுப்பு என்பதே கேள்வி. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது நேர்மை என்று ஏழைக்குப் போதிக்கிறோம். எழுதிய பிழையைத் தன் செலவில் திருத்துவதும் அதே நேர்மையே என்று அலுவலகத்துக்குப் போதிப்பவர் யார்? ஒருவரிடம் மட்டும் கேட்கப்படும் நேர்மை அறமாகாது, அது அதிகாரமே.

ஆதலால், பிழையை எழுதிய அலுவலகமே அதனைக் கட்டணமின்றித் திருத்த வேண்டும். திருத்தம் முடியும்வரை உரியவரின் சேமலாப நிதியோ மாணவரின் பரீட்சையோ தடைப்படலாகாது. கையொப்பம் கேட்கப்படும் எந்தக் கடதாசியும் கையொப்பமிடுபவரின் மொழியில் இருக்க வேண்டும்; வாசிக்க இயலாதவருக்கு அது வாசித்துக் காட்டப்பட வேண்டும். இவற்றை ஒருவர் தனித்து நின்று கேட்டால் மனுவாகவே முடியும். தொழிற்சங்கங்களும் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து கேட்டாற்றான் கோரிக்கையாகும். அதுவரை, இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் நாம், ஒரு பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் ஒரு கடன் ஒப்பந்தத்தையும் வரிவரியாக வாசிக்கவும் நமது வகுப்புகளிற் கற்பிப்போமாக.