திறந்த கருவியும் ஆக்கியோன் கடனும்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவன் அதன் உள்ளமைப்பை அறியும் உரிமையையும் பெறுகின்றானா? அதனை ஆக்கியவனுக்கு அவ்வமைப்பை மறைத்து வைக்கும் உரிமை உண்டா? இவ்வினாக்கள் சட்டத்துக்கு மட்டும் உரியனவல்ல, ஒழுக்கவியலுக்கும் உரியன.

பேராதனைக்கு அண்மையிலுள்ள எம்பெக்கே தேவாலய மண்டபக் கூரையில் 26 கைமரங்கள் ஒரே மர ஆணியில் வந்து பொருந்துகின்றன. அப்பொருத்து மறைக்கப்படவில்லை, அண்ணாந்து நோக்கும் எவரும் அதனைக் காணலாம். ஆயின் காண்பது வேறு, செய்ய அறிவது வேறு. கண்டிப் பகுதியில் செய்முறை அறிவு பெரும்பாலும் குலவழியாகவே கையளிக்கப்பட்டது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கில நூல் அவ்வறிவின் ஒரு பகுதியைக் குலத்துக்கு வெளியேயும் எட்டச் செய்தது.

இன்றைய இலத்திரனியல் பண்டங்களோ பெரும்பாலும் திறக்கவொண்ணாப் பேழைகளாகவே விற்கப்படுகின்றன. இதற்கு மாறான நெறியொன்று இத்தாலியின் இவ்ரேயா நகரில் உருவாயிற்று. அங்கு பயின்ற எர்னாண்டோ பர்ரகான் என்னும் கொலம்பிய மாணவர் 2003இல் 'வயரிங்' என்னும் அமைப்பைத் தம் பட்ட மேற்படிப்புக்காக ஆக்கினார். அதன் வழிவந்ததே மாசிமோ பான்சி முதலியோர் 2005இல் தொடக்கிய 'அர்டுயினோ'. அதன் சுற்றுப்படத்தை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், செய்து விற்கலாம். திருத்தியவர் தம் திருத்தத்தையும் திறந்தே வைத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. உணரி, திரை, மோட்டர் என்பனவற்றைத் தனித்தனி உறுப்புகளாக இணைத்து, மண்சரிவு அஞ்சப்படும் மலைச்சரிவில் மழையளவைப் பதியும் கருவியொன்றை மாணவன் ஒருவனே அமைத்துவிடலாம்.

இந்நெறிக்கு இரு தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, பிழைப்புப் பற்றியது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கவுரிமையை 20 ஆண்டுகளுக்கு வழங்குகின்றது. எனினும் புத்தாக்கத்தை வெளிப்படுத்துவோர்க்கே அவ்வுரிமை கிட்டும். எனவே அறிவு ஈற்றில் பொதுவாதல் வேண்டும் என்பதைச் சட்டமும் ஏற்கின்றது. ஆயின் நத்தரம்பொத்தையில் உலோக வேலை செய்யும் கைவினைஞனுக்கு அவனது கைத்திறனே முதல். அதனைத் திறந்துவிடுக என்று அவனிடம் கோரின், பெருந்தொழிற்சாலை அவனது வடிவத்தை வார்த்தெடுத்து அவனையே சந்தையினின்றும் அகற்றிவிடும். ஆகவே திறந்து வைக்கும் கடன் எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. வலிமை கூடுமிடத்துக் கடனும் கூடுகின்றது. அர்டுயினோவின் புகழ் பரவியபோது பர்ரகானின் பெயர் அதே அளவில் பரவவில்லை. உரிமம் அனுமதித்தது என்பதனால் நன்றிக்கடன் தீர்ந்துவிடாது. வடிவத்தை உலகுக்கு வழங்கிய நிறுவனர்களே அர்டுயினோ என்னும் பெயரின் உரிமைக்காக வழக்காடி 2016இல் இணக்கம் கண்டனர் என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

இரண்டாவது தடை, உறுப்புகளைப் பொருத்துதல் அறிவாகுமா என்பதாம். இதுவும் வலுவுடையதே. அத்தகைய பலகையின் நடுவே அமர்ந்துள்ள நுண்கட்டுப்படுத்தியின் உள்ளமைப்பு இன்னும் அதனை ஆக்கிய நிறுவனத்தின் உடைமையே. திறப்பு அறிவுக்கு வழிவிடும், அறிவைத் தந்துவிடாது. வழிநடத்தல் கற்பவன் கடன்.

அவ்வழி நடந்தோர் இந்நாட்டிலும் உளர். 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின்னர் இலங்கைத் தொண்டர்கள் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய 'சகானா' என்னும் திறந்த மென்பொருளை ஆக்கினர். அடுத்த ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அது அங்கும் பயன்பட்டது. ஓரிடத்தார் துயரில் பெற்ற அறிவு பிறரிடத்தார் துயரைத் தணிக்க உதவிற்று. அது பூட்டி வைக்கப்பட்டிருப்பின் அவ்வுதவி அத்துணை விரைவில் கிட்டியிராது.

எனவே வலியோர் தம் அறிவைத் திறந்து வைத்தல், பெற்றோர் மூலத்தை மறவாது கூறுதல், பயன்கொள்வோர் பொருத்துவதோடு அமையாது விளங்கிக்கொள்ள முயலுதல் ஆகிய மூன்றும் ஒருங்கு நிகழும்போதே திறந்த கருவி அறத்தின்பாற்படும். இவற்றுள் ஒன்று குறையினும் அது மலிவான பண்டம் என்ற அளவிலேயே நின்றுவிடும்.