பினாங்கு கேட்டது, சிங்கப்பூருக்குக் கிடைத்தது

ஒரு நாடு செழித்துவிட்டால், அந்தச் செழிப்பு முன்பே எழுதி வைத்ததுபோலத் தோன்றத் தொடங்கிவிடும். கப்பல்கள் கூடும் கடல்வழியில் அமைந்ததால் சிங்கப்பூர் வளர்ந்தது என்பார் சிலர். அதன் முதல் பிரதமர் லீ குவான் யூவின் மனவுறுதியால் வளர்ந்தது என்பார் வேறு சிலர். முன்னது ஊழின் பக்கம், பின்னது முயற்சியின் பக்கம். வள்ளுவர் இரண்டுக்குமே தனித்தனி அதிகாரம் ஒதுக்கினார். எது பெரிது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்று உண்டு: பிறர் எடுத்த முடிவு. வேறுவிதமாக நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்கும்போதுதான் அது கண்ணில் படுகிறது.

நடக்காததற்குச் சான்று ஏது, இது வீண் கற்பனையல்லவா என்று கேட்கலாம். ஆனால் மழையால் பயிர் பிழைத்தது என்று சொல்பவர், மழை பெய்யாதிருந்தால் கருகியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். காரணம் காட்டும் எந்த வரலாற்றுக்குள்ளும் நடக்காத ஒன்று ஒளிந்திருக்கிறது. கற்பனைக்கு ஒரு வேலி மட்டும் வேண்டும்: அன்றைய மனிதர்கள் கையில் உண்மையிலேயே இருந்த வழிகளை மட்டுமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த 1965ஐ அப்படிப் பார்ப்போம். 1963 செப்டம்பர் 16 அன்று சிங்கப்பூர் விரும்பித்தான் மலேசியாவில் இணைந்தது. அடுத்த ஆண்டே இருமுறை இனக்கலவரம் வெடித்தது. லீயைக் கைது செய்ய வேண்டும் என்ற குரல் கோலாலம்பூரின் ஆளுங்கட்சிக்குள் எழுந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அந்த வழியில் போகவில்லை. லண்டன் மருத்துவமனையில் அக்கி நோயோடு படுத்திருந்தபோது, பிரித்து விடுவதே மேல் என்ற எண்ணத்துக்கு வந்தார். சிங்கப்பூர்த் தரப்பில் கோ கெங் சுவீ, மலேசியத் துணைப் பிரதமர் துன் ரசாக்கோடு பேசிப் பிரிவினையை முடித்தார். ஆகஸ்ட் 9 அன்று மலேசிய நாடாளுமன்றம் எதிர்வாக்கின்றி ஒப்புதல் தந்தது. ஜொகூரிலிருந்து தண்ணீர் பெறும் 1961, 1962 ஒப்பந்தங்களை மதிப்பதாக மலேசியா பிரிவினை உடன்படிக்கையிலேயே உறுதி கொடுத்தது. கைது, அவசரநிலை, தண்ணீர் மறுப்பு ஆகிய மூன்றுமே அன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவை.

இந்த வாதத்துக்கு உரைகல் மலேசியாவின் பினாங்கு. அதுவும் தீவு, அதே மலாக்கா நீரிணையின் துறைமுகம், அதே மலாய், சீன, இந்திய மக்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1832 வரை தலைநகரமும் அதுதான். 1948இல் மலாயா கூட்டமைப்பில் சேர்க்கப்பட்டபோது, அங்குள்ள வணிகர்கள் பிரிந்துபோக உரிமை கேட்டு இயக்கம் நடத்தினார்கள். பிரிட்டன் மறுத்துவிட்டது. பினாங்கின் தீர்வையற்ற துறைமுக உரிமையும் 1969இல் போயிற்று. பிரிய விரும்பிய தீவு பிரியவில்லை. சேர விரும்பிய தீவு பிரிந்து நாடாயிற்று.

பினாங்கு சிறியது, சிங்கப்பூரிடம் பெரிய துறைமுகமும் கடற்படைத் தளமும் இருந்தன, ஒப்பீடு பொருந்தாது என்பது அடுத்த மறுப்பு. வேறுபாடு உண்மைதான். சிங்கப்பூருக்கு அவை பெரும் பலமாகவும் இருந்தன. ஆனால் அவை வளர்ச்சியின் வேகத்தை விளக்கும். நாடாகும் உரிமை யாருக்கு வாய்த்தது என்பதை விளக்கா. முயற்சியும் விளக்காது. 1969இல் முதலமைச்சரான லிம் சோங் யூ பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிலைக் கொண்டுவந்து பினாங்கை நிமிர்த்தினார். அங்கே திறமைக்குக் குறைவில்லை, இறையாண்மைதான் இல்லை. கிடைத்த உரிமை நிலைப்பதும் பிறர் முடிவைப் பொறுத்ததே: ஐரோப்பாவின் டான்சிக் நகரம் 1920 முதல் சுதந்திர நகரமாகவே இருந்தது. 1939இல் ஜெர்மனி அதை விழுங்கிக்கொண்டது.

இதனால் சிங்கப்பூரர்களின் உழைப்பு சிறுமைப்படாது. ஆகஸ்ட் 9க்குப் பிறகு கட்டிய வீடுகளும் தொழிற்சாலைகளும் அவர்கள் சம்பாதித்தவை. அவற்றைத் தங்கள் விருப்பப்படி கட்டும் வாய்ப்போ, பிறர் கைவைக்காமல் விட்டதால் வந்தது. வெற்றியை முழுக்கத் தன் தகுதி என்று எண்ணும் நகரம், வாய்ப்புக் கிடைக்காத நகரத்தைத் தகுதியற்றது என்று எண்ணப் பழகிவிடும். அது அறிவுப் பிழை மட்டுமல்ல, அறப் பிழையும்கூட. துங்குவைச் சிங்கப்பூரை இழந்தவர் என்று மட்டும் எழுதும் வரலாறு, பாதி வரலாறுதான்.